ஷியாமா ஏன் கூடப் போகவில்லை?

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தைப் பற்றித் திருகோணமலையில் யாரோடு பேசத் தொடங்கினாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் முட்டும். ஒன்பது வயது அமுதா தன்னைப் பெற்ற ஷியாமாவை இலங்கையின் வன்னியில் உள்ள மாங்குளத்தில் கண்டுபிடித்துவிட்டாள். மனதில் சேர்த்துவைத்த கேள்விகளை எல்லாம் கேட்கிறாள். ஷியாமாவிடம் கண்ணீர் இருக்கிறது, பதில் இல்லை. எங்களோடு வந்துவிடு என்று கூப்பிட்டும் அவள் போகவில்லை. ஏன்?

படம் வெளியானது 2002 பெப்ரவரியில். இருபது வருடத்துக்கு மேலாகியும் இந்த ஒரு ‘ஏன்’ எங்கள் ஊரில் அடங்கவில்லை. கலியாண வீட்டில் மரக்கறி வெட்டும் பெண்களிடையே, டச்சு விரிகுடாக் கடற்கரையில் காற்று வாங்க வந்தவர்களிடையே, டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளிடையே என்று பல இடத்தில் கேட்டிருக்கிறேன். ஒருவர் சொல்லும் காரணத்தை இன்னொருவர் ஏற்பதில்லை. ‘ஒரு படத்துக்கு இவ்வளவு அடிபாடா’ என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சலிப்பு இல்லை. இந்தப் படத்தை எங்கள் மத்தியில் உயிரோடு வைத்திருப்பது இந்த முரண்பாடுகள்தான். அதோடு, படத்தைப் பற்றிப் பேசும் சாக்கில், மற்ற நேரத்தில் வாய் திறந்து சொல்ல முடியாத பலவற்றை எங்கள் சனம் சொல்லியிருக்கிறது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். மாங்குளத்தில் ஷியாமாவுக்கும் திலீபனுக்கும் கலியாணம் நடக்கிறது. திலீபன் காட்டுக்குப் போய்விடுகிறான். வயிற்றில் பிள்ளையோடு ஷியாமா படகேறி இராமேஸ்வரம் போகிறாள். அகதி முகாமில் பெண் குழந்தை பிறக்கிறது. குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு ஷியாமா நாடு திரும்புகிறாள். எழுத்தாளன் திருச்செல்வன் அந்தக் குழந்தையை வைத்து ஒரு சிறுகதை எழுதுகிறான், பிறகு அவளையே மகளாக்கிக்கொள்ள நினைக்கிறான். தத்தெடுப்பதற்காகவே இந்திராவை மணக்கிறான். ஒன்பதாவது பிறந்தநாளில் அமுதாவிடம் உண்மையைச் சொல்கிறார்கள். அவள் தாயைத் தேடி இலங்கைக்குப் புறப்படுகிறாள். மாதவன், சிம்ரன், நந்திதா தாஸ், குழந்தையாகக் கீர்த்தனா. வசனம் சுஜாதா, இசை ரஹ்மான். தேசிய விருதுகள் ஆறு கிடைத்தன.

தமிழ்நாட்டு நண்பர்களோடு பேசும்போது இந்தப் படம் பெரும்பாலும் இந்திராவின் படமாக இருக்கிறது. பெறாத பிள்ளையைப் பெற்ற பிள்ளைகளிலும் மேலாக வளர்த்தவளிடம், அந்தப் பிள்ளையே ‘நீ என் அம்மா இல்லை’ என்று முகம் திருப்பினால் அவள் என்ன ஆவாள்? அவர்கள் அழுவது அங்கேதான். எங்கள் ஊரில் இந்திராவுக்கு மதிப்பு உண்டு, ஆனால் சண்டை முழுக்க ஷியாமாவைப் பற்றித்தான்.

அவள் போராளி இயக்கத்தில் இருக்கிறாள், அதனால் போகவில்லை என்பது எல்லோரும் முதலில் சொல்லும் விளக்கம். தனக்கு இங்கே வேலை இருக்கிறது என்ற அர்த்தத்தில் அவளே பேசுகிறாள், ஆகவே இதற்குப் படத்திலேயே ஆதாரம் உண்டு. ஆனால் இந்த விளக்கத்தோடு நின்றுவிடுபவர்கள் குறைவு. வெட்கத்தில்தான் போகவில்லை என்பார் ஒருவர்: பிள்ளையின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழும் தைரியம் அவளுக்கு இல்லை. இந்திராவைப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தாள் என்பார் இன்னொருவர்: இந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள், நான் போனால் இரண்டு பேரையும் குழப்புவேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. இன்னொரு விளக்கமும் உண்டு. அதை நான் இந்த மாவட்டத்துக்கு வெளியே கேட்டதில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

மூதூர், கிண்ணியா, தோப்பூர், சேருவில, தம்பலகாமம் என்று எந்தப் பக்கம் போனாலும் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் வந்த பெண்கள் இருப்பார்கள். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் உருவானது. அதற்கு முன்பே போகத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வருட ஒப்பந்தம், அது முடிய இன்னும் இரண்டு வருடம். பிள்ளை அம்மம்மாவோடோ பெரியம்மாவோடோ வளரும். தாய் திரும்பி வரும்போது பிள்ளை அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். இந்தக் காட்சி நடக்காத தெரு இங்கே குறைவு.

அப்படிப் போய் வந்த ஒரு பெண்ணும் ஊரிலேயே இருந்து பிள்ளை வளர்த்த ஒரு பெண்ணும் இந்தப் படத்தைப் பற்றி வாதாடியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். ‘பிள்ளையை விட்டுட்டுப் போனவளை எப்பிடித் தாய் எண்டு சொல்லுறது?’ என்றார் ஊரில் இருந்தவர். மற்றவர் கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: ‘அக்கா, விட்டுட்டுப் போனதாலதான் அந்தப் பிள்ளை இருக்கு. வந்து கேள்வி கேக்கிற அளவுக்கு வளந்திருக்கு.’ பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். ஷியாமா கூடப் போகாததற்குக் காரணம் போரோ வெட்கமோ இல்லை. ஒருமுறை விட்டுவிட்டுப் போன தாய்க்கு, திரும்பி வந்தாலும் பிள்ளையின் வீட்டில் விருந்தாளியின் இடம்தான் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும் என்றார். படத்தில் ஷியாமா அப்படி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு அந்தக் கடைசிக் காட்சியைப் பழையபடி என்னால் பார்க்க முடியவில்லை. ஷியாமா பிள்ளையைத் தொடும் விதத்தில் ஒரு தயக்கம் இருக்கிறது. முன்பு அதை நான் துக்கம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

2013இல் அரசாங்கம் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்று அதில் ஒரு கட்டுப்பாடு. பிள்ளையை விட்டுப் போகலாமா, போகக் கூடாதா என்பதைப் பிரதேச செயலகத்தில் ஓர் அதிகாரி தீர்மானிக்கும் நிலை வந்தது. அந்தக் காலத்தில் இந்தப் படம் டிவியில் போனபோது இங்கே நடந்த பேச்சில் ஷியாமாவோடு அந்த அறிக்கையும் சேர்ந்துகொண்டது. ஒரு தாய் பிரிந்து போவதை யார் எடைபோடுவது, எந்தத் தராசில் என்று கேட்டார்கள். சென்னையில் ஒரு திரைவிமர்சகர் எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும் அந்தக் கேள்வியை இந்தப் படத்துக்குள் கொண்டுவந்திருக்க முடியாது. அவருடைய அறிவுக்குறை இல்லை இது. அவருடைய தெருவில் அந்தக் கேள்வி நடமாடவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் இருந்து திரும்பியவர்கள் வேறு மாதிரி. 1990இலும் 2006இலும் திருகோணமலை மாவட்டத்தில் இருந்து மன்னார்க் கரைக்குப் போய்ப் படகேறியவர்கள் பலர். இந்தப் படத்தில் அவர்களுக்கு முதல் அரை மணித்தியாலம்தான் படம். கடல், படகு, பதிவு, முகாமின் வரிசை. அமுதாவின் சென்னை வீட்டுக்குக் கதை நகர்ந்ததும் அவர்களுக்கு ஒரு ஏமாற்றம் வருகிறது. முகாமில் பிறந்த மற்றப் பிள்ளைகள் என்னவானார்கள், எழுத்தாளன் ஒருவன் வந்து பார்க்காத பிள்ளைகள்? இந்தக் கேள்வியை எதிர்ப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கதை யாரைத் தேர்ந்தெடுக்கிறது, யாரைத் தேர்ந்தெடுப்பதில்லை என்று கவனிக்கும் நல்ல வாசிப்பு இது.

சரி, ஒரே காட்சியில் இத்தனை விளக்கங்களுக்கு எப்படி இடம் கிடைக்கிறது? பார்ப்பவர் மனதில் இருப்பதை எல்லாம் படத்தின் மேல் ஏற்றுகிறாரா? ஓரளவு ஆம். ஆனால் எல்லாப் படமும் அப்படி ஏற்ற இடம் தராது. எல்லாவற்றையும் வசனத்தில் சொல்லிமுடிக்கும் படத்தைப் பற்றி ‘நல்லா இருக்கு, நல்லா இல்லை’ என்பதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது.

இந்தப் படத்தின் பெரும்பகுதி அமுதாவின் படம். அவளே தன் குரலில் தன் குடும்பத்தை நமக்கு அறிமுகம் செய்கிறாள். அவளுக்குத் தெரியாதது பெரும்பாலும் நமக்கும் தெரியாது. ஷியாமா நாடு திரும்பிய பிறகான வருடங்கள் படத்தில் கிட்டத்தட்ட வெற்றிடம். எப்போது திரும்பினாள், திலீபனுக்காகவா, மண்ணுக்காகவா, இடையில் ஒரு நாளாவது பிள்ளையைத் தேடிப் போக நினைத்தாளா, ஒன்றும் தெரியாது. கலியாணத்தையும் படகையும் காட்டிய படம், அந்த வருடங்களைக் காட்டவில்லை. பிறகு ஒரேயடியாகக் கடைசியில் அவளைக் கொண்டுவந்து பிள்ளையின் முன் நிறுத்துகிறது. அந்த வெற்றிடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். கையில் இருப்பதைக் கொண்டுதான் யாரும் நிரப்புவார்கள்.

இதற்குச் சினிமாவின் அடிப்படையிலேயே ஒரு காரணம் உண்டு. நூறு வருடத்துக்கு முன் ரஷ்யாவில் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகம்; அதன் பக்கத்தில் ஒருமுறை சூப்புக் கோப்பை, ஒருமுறை சவப்பெட்டி. முகம் ஒன்றுதான். பார்த்தவர்கள் முதலில் பசியைக் கண்டார்கள், அடுத்ததில் துயரத்தைக் கண்டார்கள். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே நாம் சேர்ப்பதுதான் அர்த்தமாகிறது. இந்தப் படத்தின் ஆறு தேசிய விருதுகளில் ஒன்று ஸ்ரீகர் பிரசாத்தின் படத்தொகுப்புக்கு. கடைசிக் காட்சியில் பிள்ளையின் கேள்வி, தாயின் முகம், இந்திராவின் முகம் என்று மாறி மாறி வரும்போது, எந்த முகத்தில் நம் கண் நிற்கிறதோ அந்த வழியில்தான் நம் விளக்கமும் போகிறது. இந்திராவில் நின்றவருக்கு ஷியாமாவின் மறுப்பு ஒரு கொடை. பிள்ளையில் நின்றவருக்கு அது இரண்டாம் முறை கைவிடுதல்.

தமிழில் நமக்கு இது புதிய பழக்கமும் இல்லை. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பத்துப் பேர் என்று ஒரு கணக்கு உண்டு. மணக்குடவர், பரிதியார், காளிங்கர், பரிப்பெருமாள், பரிமேலழகர் உரைகள் இன்று நம் கையில் இருக்கின்றன. ஏழு சீருக்கு இத்தனை உரை. தன் உரையைச் சொல்லிவிட்டு ‘இவ்வாறு உரைப்பாரும் உளர்’ என்று மற்றவரின் உரையையும் குறித்துவைக்கும் பழக்கம் நம் உரைகாரர்களிடம் இருந்தது. மறுப்பதாக இருந்தாலும் முதலில் அதை எழுதிவைத்துவிட்டுத்தான் மறுப்பார்கள். எதிர்க் கருத்தை அழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசும் அந்த நாகரிகம்தான் ஒரு நல்ல ரசிகக் கூட்டத்துக்கும் வேண்டியது.

உரைகாரர்கள் ஏட்டில் செய்ததை, கிழக்கிலங்கை களத்தில் செய்தது. கண்ணகி அம்மன் கோயில்களோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரே இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். இரண்டு வளைந்த கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. நடுவில் ஒருவரை ஒருவர் வைது பாட்டு. ஒரு கதையில் யார் பக்கம் நிற்பது என்பதை ஓர் ஊர் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கோவலன் பக்கம் நிற்பவரும் கண்ணகியைக் கும்பிடுகிறவர்தான், அதுதான் இதில் எனக்குப் பிடித்த விடயம். வசைப்பாட்டு எல்லை மீறிக் கைகலப்பில் முடிந்ததும் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளக்கங்கள் ஆளுக்கு ஆள் மாறுவதோடு நிற்பதில்லை, காலத்துக்குக் காலமும் மாறுகின்றன. படம் வந்த அதே 2002 பெப்ரவரியில், 22ஆம் திகதி, அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. சில வாரங்களில், வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தது. படத்தில் போர்முனையாகப் பார்த்த மாங்குளத்தின் வழியாக பஸ் ஓடியது. சமாதானம் வரும் நாளைப் பற்றி ஷியாமா சொல்வதை அப்போது கேட்டவர்களுக்கு, அது அடுத்த மாதமே நடக்கப் போகிற விடயம் போல இருந்தது. அந்த வருடத்தில் இங்கே படம் பார்த்தவர்கள் அதை ஒரு நம்பிக்கைப் படம் என்றே சொன்னார்கள்.

2006 யூலையில் மாவிலாறு அணை மூடப்பட்டது, அதோடு போர் திரும்பவும் எங்கள் மாவட்டத்துக்குள் வந்தது. ஓகஸ்டில் மூதூர் சண்டைக்குள் போனது, சம்பூர் வெறுமையானது. மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கமும், சம்பூர்ப் பக்கத்துத் தமிழர்கள் வெருகல் தாண்டி மட்டக்களப்புப் பக்கமும் போனார்கள். மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுப் போகும்போது படத்தில் வரும் ‘விடை கொடு எங்கள் நாடே’ பாட்டு, அதற்கு முன் வன்னிக்கு உரிய பாட்டாக இங்கே இருந்தது. அதற்குப் பிறகு அது எங்கள் பாட்டானது. சிலரால் அதை இன்றும் முழுதாகக் கேட்க முடியாது. வேறு சிலருக்கு அந்தப் பாட்டின் மேல் கோபம்: இடம்பெயர்வில் இசை இருக்கவில்லை, தாகமும் கால்வலியும்தான் இருந்தன, அழகாகக் காட்டினால் அது பொய்யாகிறது என்பார்கள். அழுகிறவரையும் கோபப்படுகிறவரையும் ஒரே திண்ணையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். துயரத்தை அழகாக்கலாமா என்ற கேள்வியைப் பல்கலைக்கழக வகுப்பில் கேட்பதைவிட நேராகக் கேட்பீர்கள். என் பங்குக்கு, அந்தப் பாட்டு வேண்டும் என்றே நினைக்கிறேன். நடந்தபோது அழ நேரம் கிடைக்காதவர்களுக்கு அது அந்த நேரத்தைத் தருகிறது. ஆனால் கோபப்படுகிறவரிடம் இதைச் சொல்லி வெல்ல எனக்கு விருப்பமில்லை.

போர் முடிந்த 2009 மேக்குப் பிறகு கேள்வி வேறாகிவிட்டது. ‘ஷியாமா ஏன் போகவில்லை’ என்பதன் இடத்தில் ‘ஷியாமா இருக்கிறாளா’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது. படத்தில் ஒரு பிரேம்கூட மாறவில்லை. இருந்தாலும் அவள் மறுத்துத் திரும்பிப் போகும்போது எங்கே போகிறாள் என்பது இப்போது பார்ப்பவருக்குத் தெரியும், 2002இல் தெரியாது.

இங்கேதான் எனக்குச் சொல்லக் கடினமான ஒரு வாசிப்பும் வருகிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் தொடர் போராட்டங்களைத் தொடங்கினார்கள். திருகோணமலையிலும் தாய்மார் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இந்தப் படத்தில் பிள்ளை தாயைத் தேடுகிறது. இங்கே தாய் பிள்ளையைத் தேடுகிறாள். படத்தில் தேடியவள் கிடைத்துவிடுகிறாள். ‘தேடினால் கிடைக்கும் எண்டு காட்டுற படம் எனக்கு வேண்டாம்’ என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ‘யாரோ ஒரு பிள்ளைக்காவது கிடைச்சுதே’ என்று அந்த இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். படத்தை நிராகரிப்பதும் ஒரு விளக்கம்தான். அதைச் சொல்பவரிடம் காட்சியமைப்பின் நேர்த்தியைப் பற்றிப் பேசப் போகக் கூடாது. கேட்டுக்கொள்ள வேண்டும்.

திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம், தமிழர், சிங்களவர் மூன்று சமூகத்தாரும் கணிசமாக இருக்கிறோம், எந்த ஒரு சமூகமும் பாதிக்கு மேல் இல்லை. ஆகவே ஒரே வகையான கண்கள் மட்டும் சேர்ந்து ஒரு படத்தைப் பார்ப்பது இங்கே கொஞ்சம் கஷ்டம். கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் நண்பர் ஒருவர் படம் முடிந்ததும் கேட்டது, நாங்கள் யாரும் அதுவரை யோசிக்காத கேள்வி: ‘இந்தக் கதையில நாங்க எங்க?’ தமிழ் பேசுகிறவர்கள், போரில் இழந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள். ஆனால் கதையில் குறிப்பிடத்தக்க ஒரு முஸ்லிம் பாத்திரம் இல்லை. இலங்கைப் போர் என்றால் இரண்டு தரப்பு என்று தூரத்தில் இருந்து பார்ப்பவருக்குத் தோன்றுவது இயல்பு. மூதூரில் இருந்து பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது. இந்தக் குறையைச் சொன்னதால் படம் சிறுத்துப் போகவில்லை, அதன் விளிம்பு எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது.

பிரகாஷ்ராஜ் நடித்த வைத்தியர் ஹரோல்ட் விக்ரமசிங்க பாத்திரத்திலும் இதே கதைதான். தமிழர் பலருக்கு அவர் வசதியாக வைக்கப்பட்ட ‘நல்ல சிங்களவர்’. சப்டைட்டிலோடு பார்த்த ஒரு சிங்கள நண்பருக்கோ, இந்தப் பயணத்தில் தனக்கென்று எந்தத் தேவையும் இல்லாமல் காட்டுக்குள் போய் மாட்டிக்கொள்கிற ஒரே ஆள் அவர்தான். திருச்செல்வனுக்கு மகள், இந்திராவுக்கு மகள், அமுதாவுக்குத் தாய். இவருக்கு நட்பு ஒன்றுதான் காரணம். அதைக் கேட்ட பிறகு ‘வசதியான பாத்திரம்’ என்று ஒரு சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வசதியாக எழுதப்பட்டவர் என்பதும் உண்மை, அவர் செய்வது பெரிது என்பதும் உண்மை.

பேச்சுமொழியைப் பற்றிய முறைப்பாடு இலங்கை முழுக்க உள்ளதுதான்: இந்தியப் படங்களில் வரும் ‘இலங்கைத் தமிழ்’ காதில் ஒட்டுவதில்லை. திருகோணமலைக்காரருக்கு இதில் இரட்டைத் தூரம். அந்தப் படங்கள் போலச் செய்வது பெரும்பாலும் யாழ்ப்பாணப் பேச்சை, அதுவும் எங்கள் பேச்சு இல்லை. வன்னியில் சில காலம் இருந்தவர்கள் மண்ணையும் சொல்வார்கள். மாங்குளம் வரண்ட வலயத்து ஊர், காடும் குளமும் செம்மண்ணும்; படத்தின் ஈரப் பச்சை வேறு எங்கோ உள்ளது. போர் நடந்துகொண்டிருந்தபோது அங்கே கமரா கொண்டுபோகவும் முடியாது. இதை நான் பெரிய குறையாக எடுப்பதில்லை, ஆனால் கவனிப்பவர்களை மதிக்கிறேன்.

பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹோல், ஒரே படைப்பைப் பலர் பலவிதமாக எடுத்துக்கொள்வதை 1973இல் கோட்பாடாகவே சொன்னார். படைப்பவர் ஓர் அர்த்தத்தைப் பொதித்து அனுப்புகிறார். பெறுகிறவர் அதை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசலாம், முழுதாக எதிர்த்தும் வாசிக்கலாம். எங்கள் ஊரில் நான் கண்டது அதைவிடக் கொஞ்சம் கூடக் குழம்பியது. ஒரே ஆள் ஷியாமாவை ஏற்று, பாட்டை எதிர்த்து, ஹரோல்டோடு பேரம் பேசுகிறார். அடுத்த முறை பார்க்கும்போது இடம் மாறுகிறார்.

இயக்குநர் என்ன நினைத்தார் என்று கேட்டு முடித்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். இந்தக் கதையின் வித்து, ஓர் அமெரிக்கக் குடும்பம் தத்தெடுத்த பிலிப்பைன்ஸ் பிள்ளை தன் தாயைப் பார்க்கப் போனதைப் பற்றிய சஞ்சிகைக் கட்டுரை என்று மணிரத்னம் சொல்லியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் இது தத்தெடுப்புக் கதை, இலங்கை ஒரு களம் மட்டும், தமிழ்நாட்டு நண்பர்கள் சொல்வதே சரி. ஆனால் வித்து எங்கே இருந்து வந்தது என்பது மரம் யாருக்கு நிழல் தரும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. பெயரையே பாருங்கள். அது பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டில் இருந்து எடுத்தது. பெற்றவளும் பாடலாம், வளர்த்தவளும் பாடலாம்.

அதற்காக எந்த விளக்கமும் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். ஒரு விளக்கம் திரையில் ஒரு காட்சியைத் தொட்டுக் காட்ட வேண்டும். அதற்கு எதிராக நிற்கிற காட்சியையும் சமாளிக்க வேண்டும். ‘ஷியாமாவுக்குப் பிள்ளை மேல் பாசமே இல்லை’ என்று ஒருவர் சாதித்தார். கடைசிக் காட்சியை ஒருமுறை போட்டுக் காட்டியதும் அந்த வாதம் விழுந்துவிட்டது. வெளிநாடு போய் வந்த பெண் சொன்னது விழவில்லை, ஏனென்றால் அவர் அந்தத் தயக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். பேச்சு கெட்டுப்போவது எப்போது என்றால், காட்சியை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கும்போதுதான். ‘இதைப் பிடிக்கும் என்றால் நீ யார் பக்கம்?’ என்று கேட்டதும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குப் பயந்து வாழ்ந்த காலம் நீண்டது. அதனால் இங்கே ஒரு படத்தைப் பற்றி மனம் திறந்து முரண்படுவது சின்ன விடயம் இல்லை.

2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது இந்தப் படத்தைக் கைபேசியில் பார்க்கிறார்கள். அவர்களுடைய வாதம் ஷியாமாவைத் தாண்டிவிட்டது. அவர்கள் கேட்பது அமுதாவைப் பற்றி. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் பிறந்தநாளன்று அந்த உண்மையைச் சொன்னது சரியா? போர் நடக்கும் ஊருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக திருச்செல்வனுக்கு என்ன உரிமை? அவன் தகப்பனாகப் போனானா, கதை தேடும் எழுத்தாளனாகப் போனானா? கடைசிக் கேள்வியை ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி கேட்டார். திருச்செல்வன் மேல் எங்களில் யாருக்கும் அதுவரை சந்தேகமே வந்ததில்லை. தாய்மாரைப் பற்றியே இத்தனை வருடம் அடிபட்டுக்கொண்டிருந்ததில் தகப்பன் தப்பிவிட்டார். அந்தக் குழந்தையை அவன் முதலில் கதையாகத்தான் எழுதினான், பிறகுதான் மகளாக்கினான் என்று அந்த மாணவி வரிசையைக் காட்டினார். எதிரில் இருந்த அவருடைய அண்ணன், எழுதியதால்தான் அந்தப் பிள்ளையை அவனால் மறக்க முடியவில்லை என்கிறார். அவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.